ஞாயிறு காலை நம் காலனி நாய்க் கண்காட்சி

எல்லோருக்கும் வணக்கம். வரும் ஞாயிறு காலை 7 மணிக்கு நம் பூங்காவில் நாய்க் கண்காட்சி. வெயில் ஏறினால் சிமெண்ட் தரை பாதத்தைச் சுடும், அதனால் 9 மணிக்குள் முடித்துவிடுவோம்.

இனத்துக்கு மதிப்பெண் கிடையாது. வேகமாக வாலாட்டுவது, பிஸ்கட்டைப் பார்த்தும் பொறுமையாக உட்காருவது, இப்படித்தான் போட்டிகள். ராஜபாளையமும் வரலாம்; டீக்கடை வாசலில் மூன்று காலில் நொண்டி வந்து பன் கேட்கும் நம் மணியும் வரலாம். என் ஓட்டு மணிக்குத்தான்!

கட்டணம் 100 ரூபாய். முழுத்தொகையும் 1959 முதல் சென்னையில் அடிபட்ட, ஆதரவற்ற விலங்குகளைக் காத்துவரும் புளூ கிராஸுக்குப் போகும்.

அப்புறம், ரேபிஸ் தடுப்பூசி அட்டை, பெல்ட், தண்ணீர்க் கிண்ணம் மூன்றும் கட்டாயம். விசில் அடிக்க வேண்டாம், மிரண்டுவிடும்.

வருகிறவர்கள் உங்கள் நாயின் பெயரை வெள்ளிக்குள் இங்கே போடுங்கள்.