மண் துரியோதனனும் உங்கள் இயந்திரமும்

மதிப்புக்குரிய சமூக ஊடக நிறுவனத்தாருக்கு,

வணக்கம். செய்யாறு வட்டாரத்துத் தெருக்கூத்துக் குழுவான எங்கள் ஜமாவின் பக்கத்தை நீங்கள் முடக்கிய விவரம் உங்கள் கணினியிலேயே இருக்கும். முழுக் கதையும் சொல்லப்போவதில்லை.

குற்றம், ஒரு படுகளக் காணொளி. பாரதக் கூத்தில் பதினெட்டாம் நாள் போர் முடிந்த காலையில் துரியோதனனை மண்ணால் ஆளுயரத்துக்கு மேல் செய்து தரையில் கிடத்தியிருப்பார்கள். பீமன் வேடக்காரர் தொடையில் அடிப்பார், சிவப்புச் சாயம் கசியும், பாஞ்சாலி கூந்தலை முடிவாள். உங்கள் இயந்திரம் இதைக் 'கொடூர வன்முறை' என்றது. மேல்முறையீடு செய்தோம், மறுக்கவும் அதே இயந்திரம்தான் வந்தது. நான் செருப்பு வாங்க நினைப்பதை மோப்பம் பிடிக்கிற அறிவு, மண்ணையும் பிணத்தையும் பிரித்தறியத் திணறுகிறது.

ஒரு காணொளி போனால் சரி, விட்டிருப்போம். பங்குனி முதல் ஆடி வரைதான் ஜமாவுக்குப் பிழைப்பு. ஊர்க்காரர்கள் அந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் தேதி கேட்பார்கள், அச்சாரம் தருவார்கள். மாசி வந்துவிட்டது, அழைப்பு இல்லை. எங்களுக்குக் கூத்து கற்பித்த மறைந்த வாத்தியார் கர்ண மோட்சக் கூத்தில் பாடியதும் அதற்குள்தான் பூட்டிக் கிடக்கிறது. வேறு பதிவு கிடையாது.

கேட்பது ஒன்றுதான்: ஒரு பக்கத்தை மூடும் முன் தமிழ் தெரிந்த மனிதர் ஒருவர் பார்க்கட்டும்.

1996இல் சுவிட்சர்லாந்தின் டாவோஸில் இருந்தபடி, இணைய உரிமைக்குக் குரல் கொடுத்த அமெரிக்கர் ஜான் பெர்ரி பார்லோ இணையவெளிக்கு ஒரு சுதந்திரப் பிரகடனம் எழுதினார். அரசுகளுக்கு அங்கே அதிகாரமில்லை, இனமோ செல்வமோ பிறப்போ பாராமல் எவரும் நுழையலாம் என்றார். கூத்துக் களத்தில்கூட யார் எங்கே உட்காருவது என்று சாதி பார்த்த ஊர்கள் உண்டு. அதனால் அந்தப் 'பிறப்பு பாராமல்' எங்களுக்குப் பெரிய வாக்குறுதி. பாவம், அரசுகளை வாசலில் நிறுத்திய அவர் கம்பெனிகளை மறந்துவிட்டார். ஊர்ப் பொது மந்தைவெளி என்று நம்பி உங்கள் தளத்தில் கூடினோம். கல்யாண மண்டபமாம், சாவி உங்களிடமாம். மண்டபக்காரர்கூட நேரில் வந்து பேசித்தான் வெளியே போகச் சொல்வார்!

இந்திய அரசின் 2021ஆம் ஆண்டு விதிகளின்படி குறைதீர் அலுவலர் ஒருவர் உங்களிடம் இருக்க வேண்டும். இருக்கிறார் என்றே நம்புகிறோம். அவருக்குத் தமிழ் தெரியாவிட்டால், தெரிந்த ஒருவரை அருகில் உட்கார வையுங்கள்.

கோபத்தில் கூடுதலாகப் பேசியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பங்குனி பிறக்கும் முன் அந்தக் காணொளியைத் தமிழ் தெரிந்த ஒரு மனிதர் பார்க்க ஏற்பாடு செய்யும்படி பணிவோடு கேட்கிறோம். பார்த்த பிறகும் குற்றம்தான் என்றால், எது குற்றம் என்று தமிழில் இரண்டு வரி எழுதுங்கள். அதுவரை வாத்தியாரின் பாட்டையாவது இறக்கிக்கொள்ள வழிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஜமாவின் பக்கத்தைக் கவனித்துவந்தவன்