கைக்கு வராத வாத்துகள்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது, இன்னும் பதில் போடவில்லை என்று திட்டியிருப்பாய். திட்டு, எனக்கு வேண்டும். முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் மூச்சு வந்தது. டாக்டர் மாடி ஏற வேண்டாம் என்றால் ஏறாதே, உன் வீரத்தை நாற்பது வருடமாகப் பார்த்தவன் நான், எனக்குப் புதிதாக நிரூபிக்க ஒன்றும் இல்லை. இங்கே எல்லோரும் சுகம். பெரியவள் வேலை மாறிவிட்டாள், சின்னவன் இன்னும் என்ன படிப்பது என்று யோசித்துக்கொண்டே இருக்கிறான்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். நான் அனுப்பிய பழைய போட்டோக்களில் ஒன்றில் ஒரு படகு, அதில் நான், பக்கத்தில் துப்பாக்கியோடு ஒரு பெரியவர், காலடியில் நான்கு வாத்துகள். "கோழி அறுப்பதைப் பார்த்தாலே ஓடுகிறவன் வேட்டைக்குப் போனாயா?" என்று கேட்டிருந்தாய். போனேன், ஒரே ஒரு தடவை. பன்னிரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. சுட்டது நான் இல்லை. ஆனால் அந்த நாளைப் பற்றி யாரிடமும் ஒழுங்காகச் சொன்னதில்லை, அதனால் உன்னிடம் சொல்லிவிடுகிறேன், கொஞ்சம் நீளும்.

டென்மார்க்கில் ஃபியூன் தீவுக்குத் தெற்கே கடலில் சின்னச் சின்னத் தீவுகளாகக் கிடக்கும் பகுதி இது, உனக்குத்தான் தெரியுமே. குளிர்காலத்தில் ஈடர் வாத்துகள் இங்கே கூட்டம் கூட்டமாக வந்து இறங்கும். ஃபின்லாந்து, சுவீடன், எஸ்டோனியா கரைகளில் குஞ்சு பொரித்துவிட்டு வருகிற கடல் வாத்துகள். இரண்டு கிலோ தேறும். ஆண் பறவைக்கு முதுகு வெள்ளை, வயிறு கறுப்பு, பிடரியில் மட்டும் வெளிறிய பச்சை. கடலடியில் இருக்கும் மட்டிகளை முங்கிப் பிடித்து ஓட்டோடு அப்படியே விழுங்கும், ஓட்டை இரைப்பை அரைத்துக்கொள்ளும். பெண் பறவை தன் நெஞ்சுத் தூவியைப் பிடுங்கிக் கூட்டில் மெத்தை போட்டு, அதில் இருபத்தைந்து நாள் போல, ஏறக்குறைய பட்டினியாகவே அடைகாக்கும். விலை உயர்ந்த குளிர்ப் போர்வைகளில் அடைக்கிற அந்தத் தூவி இதனுடையதுதான்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் ஐம்பது வருட வேட்டைக்காரர். ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காத மனுஷன் என்று சொன்னால் சிரிப்பாய், ஆனால் அப்படித்தான். விடியற்காலையில் படகில் போனோம். நான் நினைத்தது, வாத்து வரும், இவர் சுடுவார், அது விழும், எடுத்துக்கொண்டு வருவோம் என்று. அன்றைக்கு அவர் பதினான்கு தோட்டா சுட்டார். போட்டோவில் இருப்பது நான்கு வாத்து. நடுவில் நடந்ததுதான் போட்டோவில் இல்லை.

ஒரு ஆண் வாத்து. தண்ணீரை ஒட்டித் தாழப் பறந்து வந்தது, சுட்டார், விழுந்தது. விழுந்த இடத்துக்குப் படகைத் திருப்புவதற்குள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு முங்கிவிட்டது. வேட்டை நாய் குதித்து நீந்தியது, நாய்க்கு என்ன தெரியும், அது இருபது மீட்டர் ஆழம்கூடப் போகிற பறவை. கொஞ்ச தூரம் தள்ளி அலகு மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தது, படகு நெருங்கியதும் மறுபடி முங்கியது. காற்று ஏறி அலையெல்லாம் வெள்ளை நுரை, பறவையின் முதுகும் வெள்ளை. நாற்பது நிமிடம் சுற்றினோம். பெரியவர் ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசியில் என்ஜினை அணைத்துவிட்டு, "போய்விட்டது" என்றார். தப்பித்துப் போனதையா செத்துப் போனதையா சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

வேட்டைக்காரர்கள் இதற்கென்றே ஒரு வார்த்தை வைத்திருக்கிறார்கள், ஆன்ஸ்குட்னிங் என்பார்கள். சுட்டுக் காயம்பட்டு, ஆனால் கைக்கு வராமல் போவது. வேண்டும் என்று யாரும் செய்வதில்லை. காயம்பட்டது என்று சுட்டவனுக்கே பாதி நேரம் தெரியாது, "தவறிவிட்டது" என்று நினைத்து அடுத்த தோட்டாவைப் போடுவான்.

எப்படி நடக்கிறது என்று அன்றைக்குத் திரும்பி வரும்போதே கேட்டேன், நான் எஞ்சினியர் அல்லவா, விடுவேனா. ரவைத் துப்பாக்கியில் ஒரு தோட்டாவுக்குள் ஒரு குண்டு இல்லை, ரவை என்கிற சின்ன உலோக உருண்டைகள் நூற்றுக்கு மேல் இருக்கும். முப்பத்திரண்டு கிராம் தோட்டாவில் மூன்றரை மில்லிமீட்டர் எஃகு ரவை என்றால் கணக்குப் போட்டுப் பார், நூற்று எண்பது பக்கம் வரும். குழலை விட்டு வெளியே வந்ததும் விரிந்துகொண்டே போகும். இருபது, இருபத்தைந்து மீட்டரில் அடர்த்தியாகப் பறவை மேல் விழும், ஏழெட்டு ரவை ஒன்றாகப் பட்டால் அங்கேயே கதை முடிந்தது. நாற்பது, ஐம்பது மீட்டரில் ரவைக்கும் ரவைக்கும் நடுவே ஒரு வாத்தே புகுந்து போகிற அளவு இடைவெளி. அங்கே ஒன்று படும், இரண்டு படும். ஈடர் சாதாரணப் பறவை இல்லை, கெட்டியான தூவி, தடித்த நெஞ்சுத் தசை. ஒன்றிரண்டு ரவையை வாங்கிக்கொண்டு பறந்தே போய்விடும்.

இதில் எஃகு வேறு. ஈய ரவையை டென்மார்க்கில் 1985 வாக்கிலேயே ஈரநிலங்களில் தடுக்க ஆரம்பித்து, 1996இல் முழுக்கத் தடை செய்துவிட்டார்கள். விழுந்து கிடக்கும் ஈயத்தைக் கூழாங்கல் என்று நினைத்து விழுங்கி வாத்துகள் விஷமேறிச் சாகின்றன என்பதற்காக. நியாயமான தடைதான். ஆனால் ஈயத்தின் அடர்த்தி 11.3, எஃகின் அடர்த்தி 7.8. அதே அளவு எஃகு ரவை சீக்கிரம் வேகம் இழக்கும். அதனால் இரண்டு அளவு பெரிய ரவை போட வேண்டும், தூரத்தையும் குறைத்துக்கொள்ள வேண்டும். பழைய கைகள் ஈயத்தில் பழகிய தூரத்திலேயே சுட்டுக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம் தூரம் தெரிவது. காட்டில் மரம் இருக்கிறது, வயலில் வேலி இருக்கிறது. கடலில் என்ன இருக்கிறது? பெரிய பறவை எப்போதும் கிட்டத்தில் வருவதாகத்தான் கண்ணுக்குத் தோன்றும், மெதுவாக வருவதாகவும் தோன்றும், ஆனால் அது மணிக்கு அறுபது கிலோமீட்டருக்கு மேல் வரும். ரவை முப்பது மீட்டர் போய்ச் சேர்வதற்குள் வாத்து ஒன்றரை மீட்டர் முன்னே போய்விட்டிருக்கும். அதனால் அதன் முன்னால் குறிவைக்க வேண்டும். முக்கால்வாசிப் பேர் பின்னால்தான் சுடுவார்கள். ஈடர்கள் எப்படிப் பறக்கும்? ஒன்றன்பின் ஒன்றாக, நூல் பிடித்த மாதிரி. முன்னால் போகிற வாத்தைக் குறிவைத்த ரவை அதற்குப் பின்னால் வருகிற வாத்துக்குப் போய்ச் சேரும். அது அசையாமல் பறந்துகொண்டே இருக்கும், சுட்டவன் முன்னால் போகிறதைப் பார்த்து "சே" என்று உதட்டைப் பிதுக்குவான். இதைப் பெரியவர் விளக்கியபோதுதான் பதினான்கு தோட்டாவில் மீதிப் பத்து எங்கே போயிருக்கும் என்று என் மனது கணக்குப் போட ஆரம்பித்தது. அவர் மனது முன்னாலேயே போட்டிருக்கும் போல.

இதெல்லாம் வெளியே தெரிய வந்ததே எக்ஸ்ரேயால்தான். 1990களின் தொடக்கத்தில் இங்கே ஜெஸ்பர் மேட்சன், ஹென்னிங் நோயர் என்ற ஆராய்ச்சியாளர்கள் வட துருவப் பக்கம் இருக்கிற ஸ்வால்பார்டு தீவுகளிலிருந்து வருகிற இளஞ்சிவப்புக் கால் வாத்துகளை (கடல் வாத்து இல்லை, பெருவாத்து வகை) உயிரோடு பிடித்து எக்ஸ்ரே எடுத்துவிட்டுப் பறக்க விட்டார்கள். வளர்ந்த பறவைகளில் 36 சதவீதத்தின் உடம்பில் ரவை. பிறந்து ஒரு வருடம்கூட ஆகாததுகளில் 25 சதவீதம். எனக்கு அந்த இரண்டாவது எண்தான் உறைத்தது. வளர்ந்த பறவை பல வருட ரவையைச் சேர்த்து வைத்திருக்கும், போன மாசம் பட்டதா பத்து வருஷத்துக்கு முன்னால் பட்டதா என்று சொல்ல முடியாது. குஞ்சிடம் அந்தக் குழப்பம் இல்லை, முதல் பயணத்திலேயே வாங்கியது. இன்னொன்றையும் யோசித்துப் பார், எக்ஸ்ரே தட்டில் வந்து படுப்பது பிழைத்ததுதான். கடலுக்கடியில் போய்ச் செத்ததை யார் எக்ஸ்ரே எடுத்தார்கள்? ரவை சுமக்கிற பறவைகள் மற்றதைவிடச் சீக்கிரம் சாகின்றன என்பதையும் அதே ஆட்கள் காட்டினார்கள்.

வேட்டைக்காரர்கள் முதலில் நம்பவில்லையாம். பெரியவரே நம்பவில்லை, "படிச்சவன் சொல்றான்" என்று விட்டுவிட்டாராம். ஆனால் இங்கே ஒரு நல்ல காரியம் நடந்தது. 1997இல் அரசும் வேட்டைக்காரர் சங்கமும் சேர்ந்து இதைக் குறைப்பது என்று ஒரு திட்டம் போட்டார்கள். கிட்டத்தில் வந்தால் மட்டும் சுடு, தூரத்தை மதிப்பிடப் பழகு, கூட்டத்தைப் பார்த்துச் சுடாதே, சுட்டதைத் தேடு. பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு குஞ்சுப் பறவைகளில் ரவை இருப்பது பாதியளவுக்கு இறங்கியது, ஈடர்களிலும் குறைந்தது. கலெக்டர் ஆபீஸ் உத்தரவு மாதிரி மேலிருந்து மட்டும் வந்திருந்தால் இது நடந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம், சங்கத்துக்காரர்கள் தங்களுக்குள்ளேயே ஒருத்தரை ஒருத்தர் கேட்க ஆரம்பித்ததுதான் வேலை செய்தது என்று நினைக்கிறேன். அமெரிக்காவில் வாத்து வேட்டைக்கு எவ்வளவு அனுமதிக்கலாம் என்று போடும் கணக்கிலேயே, சுட்டும் கைக்கு வராமல் போவது 20 சதவீதம் என்று முதலிலேயே வைத்துக்கொள்கிறார்கள். கடல் வாத்துப் பகுதிகளில் மட்டும், காயம்பட்டதைத் துரத்திச் சுட என்ஜின் ஓடுகிற படகிலிருந்தே சுடலாம் என்று தனி விலக்கும் உண்டு, மற்ற இடத்தில் அப்படிச் சுட்டால் குற்றம். என் நாற்பது நிமிடத்தைச் சட்டம் எழுதியவர்களும் எங்கோ அனுபவித்திருக்கிறார்கள்.

நீ அடுத்து என்ன கேட்பாய் என்று தெரியும். "அப்போது வேட்டையையே நிறுத்தினால் என்ன?" உன்னோடு சண்டை போட எனக்குத் தெம்பு இல்லை. கோழி வாங்கித் தின்கிற நான் அவருக்கு உபதேசம் செய்யப் போவதில்லை. செத்த நான்கு வாத்து என்னை உறுத்தவில்லை, உண்மையாகவே. எண்ணிக்கையில் வராத அந்த ஒன்றுதான் உறுத்துகிறது. ஈடர் இருபது வருடத்துக்கு மேல் வாழக்கூடிய பறவை, நிதானமாகத்தான் பெருகும், அதில் வளர்ந்தது ஒன்று போனால் அந்த இடம் அத்தனை லேசில் நிரம்பாது. ஆனால் இதெல்லாம் பிறகு படித்துத் தெரிந்துகொண்டது, அன்றைக்கு எனக்குத் தெரிந்தது அந்த அலகு மட்டும்தான்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும், அதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். வீட்டுக்கு வந்து பெரியவர் வாத்துகளைச் சுத்தம் செய்தார். ஒன்றின் நெஞ்சுத் தசையில் கத்தி எதிலோ தட்டியது. ரவை. ஆனால் அன்றைக்குப் பட்டது இல்லை, சுற்றிலும் தசை மூடி, வெண்மையாகக் கூடு கட்டி ஆறிப்போயிருந்தது. ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த காந்தத்தை எடுத்து வைத்துப் பார்த்தார், ஒட்டவில்லை. எஃகு இல்லை. ஈயத்துக்குப் பதிலாகப் போடுகிற பிஸ்மத் என்ற உலோக ரவையாக இருக்கும் என்றேன், எங்கேயோ படித்த தைரியத்தில். "பிஸ்மத் என்றால் உடையும்" என்று சொல்லி, வெளியே கல் மேல் வைத்துச் சுத்தியால் ஒரு தட்டு தட்டினார். உடையவில்லை. வட்டமாக, மெல்லிசாக நசுங்கியது. ஈயம்.

தடை வந்து பதினைந்து வருடத்துக்கு மேல் ஆன சமயம் அது. யாரோ தடையை மீறிச் சுட்டிருக்கலாம், எங்கோ வேறு நாட்டில் வாங்கியிருக்கலாம், இல்லையென்றால் அந்தப் பறவை அத்தனை வருடமும் அதைச் சுமந்துகொண்டு, ஃபின்லாந்துக்கும் இங்கேயுமாகப் போய்வந்துகொண்டு இருந்திருக்கலாம். பெரியவர் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு, "இது நானாகவும் இருக்கலாம்" என்றார்.

அதற்கு அடுத்த வருடத்திலிருந்து அவர் படகில் போவது நின்றுவிடவில்லை. படகின் ஓரத்திலிருந்து இருபத்தைந்து மீட்டரில் கயிறு கட்டி ஒரு மிதவை விடுவார், அதற்கு உள்ளே வந்தால்தான் துப்பாக்கியைத் தூக்குவார். பெரும்பாலும் ஒன்றும் வராது, வெறுங்கையோடு திரும்பி வந்து காபிக்குக் கூப்பிடுவார். இப்போது வயது எண்பத்து மூன்று, துப்பாக்கியை மகனுக்குக் கொடுத்துவிட்டார், மிதவையையும் சேர்த்து.

நசுங்கிய அந்த ஈயம் என் மேஜை டிராயரில் இருக்கிறது, எனக்குக் கொடுத்துவிட்டார். வரும்போது உனக்குக் கொண்டுவந்து காட்டலாம் என்று பார்க்கிறேன். ஏர்போர்ட்டில் இது என்ன என்று கேட்டால் என்ன சொல்வது என்று மட்டும் யோசித்து வை, நீதான் அந்தக் காலத்திலேயே வாத்தியாரிடம் சொல்லச் சாக்குக் கண்டுபிடிப்பவன். காலை நீட்டி மடக்குகிற பயிற்சியை ஏமாற்றாமல் செய். உடனே பதில் போடு, என்னை மாதிரி மூன்று வாரம் எடுக்காதே.

உன்,
குமரன்