லிஃப்ட் போட்டோ பார்த்தேன்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் சொன்னால் "சரிப்பா, பாத்துக்கறேன்" என்று முடித்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

நீ அனுப்பிய போட்டோவில் உன் அம்மா காரைப் பார்த்தாள், நான் தரையைப் பார்த்தேன். கராஜில் காரைத் தூக்கி நிறுத்தும் நாலு தூண் லிஃப்ட், மேலே உன் பழைய மஸ்டாங் கார், அதற்கு நேர் கீழே பாப்பாவின் சைக்கிள். தூண்களின் அடித்தட்டில் ஓட்டைகள் இருக்கின்றன, ஒன்றில்கூட போல்ட் இல்லை. கேட்டதற்கு, "நாலு தூண் தானா நிக்கும், போல்ட் வேண்டாம்னு வித்தவர் சொன்னார்" என்றாய். ஆடாத தரைக்கு அது சரி. உன் வீடு இருப்பது கலிஃபோர்னியாவில், நிலம் ஆடும் ஃப்ரீமான்ட்டில்.

ஹேவார்ட் பிளவு என்கிற, நிலநடுக்கம் கிளம்பும் நிலப்பிளவு உங்கள் ஊருக்குள்ளேயே ஓடுகிறது. அது கடைசியாகப் பெரிதாகக் குலுங்கியது 1868 அக்டோபர் 21 அன்று. உங்கள் ஊரிலேயே பள்ளம் தோண்டி மண் அடுக்குகளைப் படித்தவர்கள், ஏறக்குறைய 150 ஆண்டுக்கு ஒரு முறை அப்படி நடந்திருப்பதாகக் கணக்குச் சொல்கிறார்கள். நீயே கூட்டிப் பார்த்துக்கொள்.

உனக்குச் சொன்னேனோ இல்லையோ, 2001 செப்டம்பர் 25 ராத்திரி எட்டரை மணி வாக்கில் அம்பத்தூர் ஒர்க்‌ஷாப்பில் இருந்தேன். இரண்டு தூண் லிஃப்டில் ஒரு டாடா சுமோ, கியர்பாக்ஸ் இறக்கிக்கொண்டிருந்தோம். ஸ்பானர் மாட்டிய பலகை கடகடவென்று அடித்தது. புதுச்சேரிக்கு அப்பால் கடலுக்குள் நிலநடுக்கம், 5.5 அளவு என்று பிறகு பேப்பரில் வந்தது. கீழே நின்ற பையனைச் சட்டையோடு பிடித்து இழுத்தேன். சில நொடிதான், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் தரை நின்ற பிறகும் அந்த வண்டி மேலே பக்கவாட்டில் ஆடிக்கொண்டே இருந்தது. அதை இன்னும் மறக்கவில்லை.

லிஃப்ட் என்பது நேர்கீழாக அழுத்தும் எடையைத் தாங்கச் செய்தது. நிலநடுக்கமோ பக்கத்திலிருந்து தள்ளும். உன் வண்டி 1,400 கிலோ என்று வை. குலுக்கலின் தள்ளு அந்த எடையில் பாதிக்கு வந்தால், இரண்டு மீட்டர் உயரத்தில் 700 கிலோ பலத்தோடு யாரோ தள்ளுவது மாதிரி, அதுவும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறி மாறி. கடப்பாரையின் நுனியைப் பிடித்து நெம்பினால் அடியில் என்ன ஆகும்? உயரம் கூடக்கூட அடித்தட்டுக்கு வரும் பாடும் கூடும்.

அதற்காக நீயே டிரில் எடுத்து நாலு போல்ட் அடித்துவிடாதே. உங்கள் பக்கம் சில வீடுகளின் தரைக்குள் இழுத்து விறைப்பாக்கிய எஃகுக் கம்பி ஓடும். கராஜ் தரையில் 'துளையிடாதே' என்று முத்திரை இருக்கிறதா பார். அந்தக் கம்பியை அறுத்தால் தரையும் போச்சு, நீயும் போச்சு. காங்கிரீட்டின் கனம், பலம், விளிம்பிலிருந்தும் விரிசலிலிருந்தும் எவ்வளவு தள்ளித் துளை போடலாம், எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. தரையோடு இறுக்கும் ஆங்கர் போல்ட்டிலும் எல்லாம் ஒன்றல்ல. குலுக்கலில் காங்கிரீட் விரிசல் விடும், விரிசலிலும் பிடி விடாத, நிலநடுக்கத்துக்கென்று சோதித்த போல்ட் தனியாக விற்கிறது. லைசன்ஸ் உள்ள ஸ்ட்ரக்சுரல் என்ஜினியரைக் கூப்பிடு, நகராட்சியில் பர்மிட் கேள். நாற்பது வருஷம் வண்டிக்கு அடியில் படுத்தவன்தான் நான், இருந்தாலும் இந்தக் கணக்கு எனக்குத் தெரியாது.

இன்னொன்று. கலிஃபோர்னியாவில் வாட்டர் ஹீட்டரைச் சுவரோடு இரும்புப் பட்டை போட்டுக் கட்ட வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. உன் கராஜிலும் கட்டியிருக்கிறது, போட்டோவில் தெரிகிறது. தண்ணீரோடு 200 கிலோ சொச்சம் வரும் தொட்டிக்குப் பட்டை, பக்கத்திலேயே ஒன்றேகால் டன்னுக்கு மேல் அந்தரத்தில் நிற்கும் வண்டிக்கு ஒன்றுமில்லையா? வண்டி சரிந்தால் ஹீட்டருக்குப் போகும் கேஸ் பைப் மேல்தான் விழும்.

என்ஜினியர் வரும் வரைக்கும் மஸ்டாங்கை இறக்கி வை. ஒரு வண்டி வெளியே வெயிலில் நின்றால் பெயின்ட்தான் மங்கும். போல்ட் போட்ட பிறகும், மேலே ஏற்றினால் நாலு மூலையும் தூணில் உள்ள இரும்பு லாக்கில் உட்கார்ந்ததா என்று தூண் தூணாகப் போய்ப் பார். எண்ணெய் அழுத்தத்தில் தூக்கும் ஹைட்ராலிக்கையும் கம்பிக் கயிற்றையும் நம்பி விடாதே. ஹேண்ட் பிரேக் போடு, பழைய வண்டியின் ஹேண்ட் பிரேக் லட்சணம் நமக்குத் தெரியும், அதனால் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வை. சைக்கிளை இன்றைக்கே வேறு இடத்துக்கு மாற்று. வாஷிங் மெஷினுக்கும் சமையலறைக் கதவுக்கும் போகும் வழி லிஃப்டுக்கு அடியில் இருக்கக் கூடாது, மருமகள் ஒரு நாளைக்கு நாலு தடவை அந்த வழியாகத்தான் போகிறாள்.

தரை ஆடும்போது லிஃப்டை இறக்கலாம் என்று யாரும் உள்ளே ஓடக் கூடாது. கராஜில் இருந்தால் அதை விட்டு விலகிக் குனிந்து தலையை மூடிக்கொள்ள வேண்டும். ஓய்ந்த பிறகும் சுவிட்சைத் தொடாதே, பின்னாலேயே சின்னச் சின்னதாக இன்னும் வரும்.

அம்மா பருப்புப் பொடி பார்சல் கட்டிவிட்டாள். சனிக்கிழமை எனக்கு ஒரு போட்டோ அனுப்பு. மேலே வண்டி இல்லாத போட்டோ.

அன்புடன்,
அப்பா