அலகு முட்டைக்குள்ளேயே முடிவாகிறது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அழிந்துபோன டோடோ பறவை பற்றிய ஞாயிறு கட்டுரையை ரசித்துப் படித்தேன். ஆனால், கொட்டைகளை உடைத்து உடைத்தே அதன் அலகு பருத்தது என்ற வரி நெருடியது. உயிரியல் பாடம் நடத்தியவளுக்குக் கை சும்மா இருக்குமா?

அலகின் வடிவம் கருவிலேயே தீர்மானமாகிறது. 2003இல் வெளியான ஓர் ஆய்வில், காடைக் கருவின் நரம்பு முகட்டு செல்களை, அதாவது முக எலும்புகளை உருவாக்கும் செல்களை, வாத்துக் கருவில் வைத்தார்கள். வாத்துக்குக் காடை அலகு முளைத்தது! மாற்றி வைத்தபோது காடைக்கு வாத்து அலகு. காடை 17 நாளில் பொரியும், வாத்துக்கு 28 நாள். இடம் மாறிய செல்கள் தங்கள் பழைய கடிகாரப்படியே மரபணுக்களை இயக்கின. காடைச் செல்கள் வைத்த வாத்தில், தாடைத் தசையின் நார்கள் வாத்துடையவைதான். அவை எப்படி அமைய வேண்டும், எங்கே ஒட்ட வேண்டும் என்று சொன்னதோ காடையின் செல்கள். கலாபகஸ் தீவுகளின் டார்வின் குருவிகளிலும் பி.எம்.பி.4 என்ற மரபணு கருவில் முன்கூட்டியே, அதிகமாக இயங்கினால் அலகு தடிக்கிறது.

சரி, கட்டுரையாளர் பக்கமும் கொஞ்சம் நியாயம் உண்டு. வாத்துக் கரு முட்டைக்குள் தாடையை அசைக்கிறது. அந்த இழுப்பில்தான் தசை ஒட்டும் இடத்தில் ஒரு குருத்தெலும்பு உருவாகிறது. அசைவை நிறுத்தினால் அது வருவதில்லை. ஆனால் இதுவும் ஓட்டுக்குள் நடப்பதுதான், கொட்டை உடைத்து அல்ல.

அப்புறம், டோடோவின் நெருங்கிய உறவான நிக்கோபார் புறாவின் படத்தையும் போட்டிருக்கலாம்.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
ரோஸ் ஹில், மொரீஷியஸ்