பூப்போட்ட செருப்பும் நானும்

அன்புள்ள மீனு,

உன் கடிதம் வந்தது. அம்மாவுக்கு முட்டி வலி குறைந்துவிட்டது என்று முதல் வரியிலேயே எழுதியது நல்லதாகப் போயிற்று, மீதியை நிம்மதியாகப் படித்தேன். பையன் ஹாஸ்டலுக்குப் போனதில் வீடு வெறிச்சென்று இருக்கிறது என்கிறாய். சரி, அதற்காகப் புனே லக்ஷ்மி ரோடு கடைகளுக்குப் போய் ஒரே மாதத்தில் மூன்று ஜோடி செருப்பா? கோபித்துக்கொள்ளாதே, நான் உன்னைவிட மோசமாக இருந்தவள்.

போன தை மாதம் தங்கை மகள் கல்யாணத்துக்குக் கும்பகோணம் போனேன். மயில்கழுத்து நிறத்தில் மாங்காய் டிசைன் போட்ட ஹீல்ஸ் ஒன்று, நாலு வருஷம் முன்னால் தள்ளுபடியில் வாங்கி, நல்ல நாளுக்கு ஆகட்டும் என்று பெட்டியைவிட்டு எடுக்காமலே வைத்திருந்தேன். மண்டப வாசலில் காரைவிட்டு இறங்கிப் பத்தடி நடக்கவில்லை, அடிப்பாகம் ரஸ்க் மாதிரி உதிர ஆரம்பித்துவிட்டது. பின்னால் வந்த சித்தப்பா, "என்னம்மா, கறுப்பா ஏதோ சிந்திக்கிட்டே போறே?" என்றார்! எப்படியும் வாசலில் கழற்றத்தானே போகிறோம் என்று வெறுங்காலோடு உள்ளே போய்விட்டேன்.

ஊர் திரும்பியதும் தெருமுனையில் செருப்புத் தைக்கிறவரிடம் காட்டினேன். "இது பி.யு. சோல்மா, போட்டாலும் போகும், போடாட்டியும் போகும்" என்றார். விஷயம் என்னவென்றால், பாலியூரிதேன் என்கிற அந்தப் பொருளைக் காற்றில் இருக்கிற ஈரமே கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துப்போடும், சென்னைப் புழுக்கத்தில் கேட்கவே வேண்டாம். ரப்பர் சோலுக்கு இந்த வியாதி கிடையாது. நல்ல நாளுக்கு என்று நான் பத்திரப்படுத்தியதெல்லாம் பெட்டிக்குள்ளேயே செத்துக்கொண்டிருந்திருக்கிறது, பார்த்துக்கொள்.

அன்றைக்கே எல்லாவற்றையும் இழுத்து வெளியே போட்டேன். பதினேழு ஜோடி, அதில் டிசைன் போட்டது பதினொன்று, அதிலும் நான் நிஜமாகவே போடுவது மூன்றுதான். மற்ற எட்டும் கடையில் அழகாகத்தான் இருந்திருக்கும். ஆனால் என் குர்தாக்களில் பாதி அச்சுப் போட்டவை, மேலே ஒரு கூட்டம், காலில் ஒரு கூட்டம் என்று சண்டை போட்டால் யார் பார்ப்பார்கள்? அந்த மூன்றும் ஏன் பிழைத்தன என்று யோசித்தேன். ஒன்று குஜராத்தில் கட்ச் பக்கத்து அஜ்ரக் என்கிற கட்டை அச்சுத் துணியில் செய்த லோஃபர், அவுரி நீலமும் மஞ்சிட்டிச் சிவப்பும். என் காட்டன் புடவைகளில் முக்கால்வாசி இந்த இரண்டு நிறத்துக்குள் அடங்கிவிடும். இப்போது கடைக்குப் போகும்போது கைப்பையில் ஒரு பழைய துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு போகிறேன், செருப்பில் இருக்கிற ஒரு நிறமாவது அதோடு ஒட்டவில்லையென்றால் திரும்பிவிடுவேன். கடைக்காரப் பையன்கள் ஒரு மாதிரி பார்க்கிறார்கள், பார்க்கட்டும்.

இன்னொன்று, பெரிய பூ வேண்டாம். காலின் வளைவில் இதழ் பாதியில் வெட்டுப்பட்டு அழுக்குத் திட்டு மாதிரி தெரியும். பொடி டிசைன் என்றால் நின்று பார்க்கும்போது ஒரே நிறமாகக் கலந்து தெரியும், குனிந்து பார்க்கிறவருக்குத்தான் உள்ளே வேலைப்பாடு இருப்பது புரியும். எனக்கு அது பிடித்திருக்கிறது.

'ஒன்று வந்தால் ஒன்று போகணும்' என்று சொல்வார்களே, அது எனக்கு ஒத்துவரவில்லை. புதுசு வாங்க ஆசைப்பட்டு நல்லா இருக்கிற பழசைத் தள்ளிவிட ஆரம்பித்தேன். இப்போது போட்டோ எடுத்துக்கொண்டு சம்பளம் வரும்வரை பேசாமல் இருக்கிறேன், பாதிக்கு மேல் மறந்தே போகிறது. லோஃபருக்கு இரண்டு தடவை சோல் மாற்றியாயிற்று. ஆபீசில் புதிதாக வந்த பெண் என் பெயர் தெரியாமல் "அந்த நீல ஷூ மேடம்" என்று கேட்டாளாம், பதினேழு ஜோடி வைத்திருந்த காலத்தில் யாரும் என்னை அப்படி அடையாளம் சொன்னதில்லை. கபாலி கோயில் வாசலிலும் லாபம்தான், பழுப்புச் செருப்புக் குவியலில் என்னுடையதை ஒரு நொடியில் எடுத்துவிடுவேன் (திருடனுக்கும் அது வசதி, என்ன செய்ய).

நீ வாங்கிய மூன்றில் அந்த ஜுத்தி, அதான் முன்பக்கம் மூடிய பஞ்சாபித் தோல் செருப்பு, கடிக்கிறது என்று எழுதியிருந்தாயே. பழைய முறையில் தைத்ததென்றால் இடது வலது கிடையாது, போடப்போடக் காலுக்குத் தகுந்தபடி தோல் வளையும். குதிகால் விளிம்பில் தேங்காய் எண்ணெய் தடவி, சாக்ஸோடு நாலு நாள் வீட்டுக்குள் நட. உள்ளே ஒரு புள்ளி வைத்துக்கொள், கால் மாற்றிப் போட்டால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கணும். மற்ற இரண்டையும் பில் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடு.

அப்புறம், சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. நீ இருக்கிற இடத்திலிருந்து கோலாப்பூர் அப்படியொன்றும் தூரமில்லை. அச்சு வேண்டாம், வாரில் தோலைப் பின்னலாகப் பின்னியிருப்பார்களே, 2019இல் புவிசார் குறியீடு வாங்கியதே, அந்த அசல் கோலாப்புரி ஒரு ஜோடி, 38 சைஸ்... வேண்டாம், வாங்கிவிடாதே. தீபாவளி லீவில் நானே வருகிறேன், காலில் போட்டுப் பார்த்துத்தான் வாங்குவேன். துப்பட்டாவையும் கொண்டுவருகிறேன்.

உன்,
சுதா