அக்காவுக்கு, பதில் சொல்லாத அந்தக் கேள்விக்காக

அன்புள்ள அக்கா,

புற்றுநோய்க்கு முதல் கீமோ ஏறி நாளையோடு ஒரு வருடம். மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் வீட்டு விஷயம் எதையும் இங்கே எழுதவில்லை.

ஊசி போட்ட இடத்துப் பிளாஸ்திரியை நகத்தால் உரித்துக்கொண்டே, "நான் என்ன பாவம் பண்ணேன்?" என்று கேட்டீர்கள். "அப்படியெல்லாம் பேசாதீங்க, சாமி கைவிடாது" என்று வாயை அடைத்துவிட்டேன். ஆறுதல் என்றுதான் சொன்னேன். ஆனால் உடல், மனம், உறவு, ஆன்மா எல்லாம் சேர்ந்ததே 'முழு வலி' என்று நோய்த்தணிப்புச் சிகிச்சையின் முன்னோடியான ஆங்கிலேய மருத்துவர் சிசிலி சாண்டர்ஸ் 1960களிலேயே சொன்னதை மற்றவர்களுக்குப் பாடமாக நடத்துகிற நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. மன்னியுங்கள்.

அந்தக் கேள்வியை அப்படியே திருப்பிச் சொல்லிவிட்டு, ஒரு நிமிடம் சும்மா இருந்திருக்க வேண்டும். பிறகு, "இந்த நினைப்பு எப்போ அதிகமா வருது?" என்று கேட்டிருக்க வேண்டும். விடியற்காலை மூன்று மணி என்றிருப்பீர்கள். அதில் மருந்துக்கும் பங்குண்டு. வாந்தி வராமலிருக்கக் கொடுக்கும் டெக்ஸாமெத்தசோன் தூக்கத்தைக் கெடுக்கும், படபடப்பைக் கூட்டும். நிறுத்திய ஓரிரு நாளில் சிலரைச் சோர்வில் தள்ளும். சாயங்கால மாத்திரையைக் காலைக்கு மாற்றலாமா என்று டாக்டரிடம் கேட்கலாம். நீங்களாக நிறுத்தக் கூடாது.

ஆனாலும் அக்கா, உங்கள் மேலும் கோபம் இருக்கிறது. மனவேதனையை 0 முதல் 10 வரை குறிக்கும் தாளில் 2 போட்டீர்கள். 4 போட்டிருந்தாலே மேற்கொண்டு விசாரித்திருப்பார்கள். ஆன்மிகக் கவலைக்கென்று இருந்த இடத்தையும் வெறுமையாக விட்டீர்கள். எல்லோரிடமும் தைரியம் காட்டிவிட்டு, யாருமே கேட்கவில்லை என்று சொன்னால் நாங்கள் என்ன செய்வது?

சரி, விடுங்கள். கும்பிட மனமில்லாத நாளில் கும்பிட வேண்டாம். அதனால் நோய் அதிகமாகாது. கடவுள் மேல் கோபம் வந்தால் வரட்டும், அது நம்பிக்கை போய்விட்டதற்கு அடையாளமல்ல. 'இது தண்டனை' என்ற எண்ணத்தைத் தனியாகச் சுமப்பதுதான் மனச்சோர்வை ஆழமாக்கும். ஜபம் பிடித்தால் மூச்சோடு சேர்த்துப் பத்து நிமிடம் போதும். கண்மூடியதும் பயம் கூடினால் கண்ணைத் திறந்து நிறுத்திவிடுங்கள். இரண்டு வாரமாக எதிலும் நாட்டமில்லை என்றால் அது பக்திக் குறைவல்ல, சிகிச்சை வேண்டிய விஷயம். இருக்கவே வேண்டாம் என்று தோன்றினால் இரண்டு வாரம் காத்திருக்காதீர்கள், அந்த நிமிடமே சொல்லுங்கள்.

அடுத்த சுற்றுக்கு முன் நாளை வருகிறேன். மருந்துச் சீட்டை எடுத்து வையுங்கள், எந்த மாத்திரை எந்த வேளைக்கு என்று சேர்ந்து பார்ப்போம். அந்தக் கேள்வி இன்னும் இருந்தால் அதையும் கேளுங்கள்.