அம்பா பாட்டுப் பதிவு: ஞாயிறு காலை 7 மணி, திருவொற்றியூர் குப்பம்

எல்லாருக்கும் வணக்கம். அம்பான்னா மீனவங்க வலை இழுக்குறப்ப பாடுற பாட்டு. மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14 வரைக்கும்தான். போட்டெல்லாம் கரையில நிக்குற இந்த நேரத்த விட்டா பெரியவங்க சேர்ந்தாப்ல கிடைக்க மாட்டாங்க.

ஸ்காட்லாந்து ஹெப்ரிடீஸ் தீவுகள்ல பெண்கள் கம்பளித் துணிய அடிச்சுக்கிட்டே பாடுன பாட்ட, 1951-ல தொடங்குன எடின்பரோ பல்கலைக்கழகத் துறை ஊர் ஊராப் போய் டேப்ல எடுத்துச்சு. இன்னிக்கு நெட்லயே கேக்கலாம். நம்ம அம்பாவும் ஒருத்தர் எடுத்துக் குடுக்க, மத்தவங்க வாங்கிப் பாடுறதுதான். மைக் முன்னாடி தனியா நிறுத்துனா வராது, கையில கயிறு வேணும். கரைவலைக் கயிறு இருக்கறவங்க கொண்டாங்க.

ஃபோன ஏரோபிளேன் மோடுல போடுங்க. வாட்ஸ்அப்ல அனுப்பாம வேவ் ஃபைலா டிரைவ்ல ஏத்துங்க. பாடுறவங்க சம்மதம் கேக்காம எதையும் ஸ்டேட்டஸ்ல வைக்காதீங்க. ரீமிக்ஸ் பேச்சு இப்போதைக்கு வேணாம், தம்பிகளா!